அக்கா நின்று பாடிய மேடைகள்

தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் எல்லாரும் பாட்டைத்தான் கேட்கிறார்கள் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். என் சொந்த அக்கா அப்படியொரு மேடையில் ஏறி, நான் பார்த்துப் பார்த்துத் தயார்செய்த சேலையோடு எல்லார் கண் முன்னாலும் காணாமற்போன பிறகுதான், பாடுகிறவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கப் பழகினேன்.

நான் மாத்தளை நகரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். கல்யாண ஜாக்கெட், பள்ளிக்கூடச் சீருடை, திருவிழாக் காலத்தில் பாவாடை சட்டை. அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். பக்கத்து ஊரான நாலந்தாவுக்குப் போகும் பாதையில் உள்ள ஒரு ஸ்பைஸ் கார்டனில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறாள். உல்லாசப் பயணிகளின் பஸ் வந்து நின்றதும், அவர்களை அழைத்துக்கொண்டு போய் மிளகுக் கொடி, ஏலக்காய், கறுவா, கொக்கோ என்று ஒவ்வொன்றாகக் காட்டி விளக்கம் சொல்வாள். ஆங்கிலம் சரளமாக வரும், ஜெர்மன் பாஷை கொஞ்சம் வரும். கையில் ஒரு பிடி மிளகை வைத்துக்கொண்டு, அதில் பப்பாளி விதை எது என்று கண்டுபிடிக்கச் சொல்வது அவளுடைய வழக்கமான வேடிக்கை. யாருக்கும் தெரியாது. பிறகு எல்லாவற்றையும் ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் போடுவாள். நல்ல மிளகு அடியில் போய்விடும், பப்பாளி விதை மிதக்கும். வெள்ளைக்காரர்கள் கை தட்டுவார்கள்.

அக்காவின் கணவர் கத்தாரில் வேலை செய்கிறார். பிள்ளைகள் இருவரும் படித்து முடித்துக் கண்டியில் வேலையில் இருக்கிறார்கள். அம்மா என்னோடு இருக்கிறார். அம்மா இளவயதில் மலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். அக்காவுக்குப் பத்து வயதாக இருக்கும்போதே நாங்கள் டவுனுக்கு இறங்கி வந்துவிட்டோம். அக்காவும் நானும் ஒரு நாள்கூடக் கூடை சுமந்ததில்லை. இதை இங்கே சொல்லி வைப்பது அவசியம்.

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் ஒரு பாட்டுப் போட்டி வைக்கிறார்கள் என்று தொலைக்காட்சியில் விளம்பரம் வந்தபோது, அக்காவைக் கேட்காமலே படிவத்தை நிரப்பினேன். அவளிடம் சொன்னபோது, "பைத்தியமா ஒனக்கு? இந்த வயசுல நான் டிவியில போய் நிக்கிறதா?" என்று கோபித்துக்கொண்டாள். மறுநாள் மத்தியானம் அவளே கடைக்கு வந்து, "மெஷின நிப்பாட்டு. கதவச் சாத்து. ஒரு தடவதான் பாடுவேன்," என்றாள். கைபேசியில் பதிவு செய்தேன். வெளியே பஸ் ஹாரனும் பக்கத்துக் கடையில் கொத்துரொட்டி அடிக்கிற சத்தமும் சேர்ந்தே பதிவாகின. அதையும் மீறி அவள் குரல் கேட்டிருக்க வேண்டும், கூப்பிட்டுவிட்டார்கள்.

முதற் சுற்று ஒரு மண்டபத்தில் நடந்தது. பின்னால் ஒரு நீலத் துணி, முன்னால் மூன்று நடுவர்கள், அவ்வளவுதான். அக்கா பாடினாள், தேறினாள். திரும்பி வரும் பஸ்ஸில், "இது ஒன்னும் பெரிய விசயமில்லடி, நம்ம கோயில் திருவிழா மாதிரிதான்," என்றாள்.

இரண்டாவது சுற்றுக்கு அவர்கள் வைத்த பெயர் மண்வாசனைச் சுற்று. ஒவ்வொருவருக்கும் அவரவர் ஊரையே மேடையாகக் கட்டித் தருவார்களாம். கொழும்பிலிருந்து ஒரு பெண் பிள்ளை பேசினாள். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, உங்க ஊர்ல என்ன ஸ்பெஷல்?"

"எங்க ஊர்லயா? மிளகு இருக்கு, கறுவா இருக்கு, கராம்பு, சாதிக்காய், கொக்கோ..."

"தேயிலை இல்லையா அக்கா?"

"தேயிலையும் இருக்கு. மேல போனா இருக்கு. எங்கம்மா கூட முன்னாடி..."

"ஓகே அக்கா, சூப்பர்," என்று வைத்துவிட்டாள். அம்மாவைப் பற்றி அக்கா சொல்ல வந்ததில் பாதிதான் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

அக்காவுக்கு நான் எடுத்து வைத்தது இலைப் பச்சை நிறத்தில் ஒரு பட்டுச் சேலை. ஓரத்தில் மெல்லிய தங்கக் கரை. அதே பச்சையில் ஜாக்கெட் தைத்து, கைக்கு அந்தக் கரையை வைத்தேன். போட்டுப் பார்த்தபோது அக்கா கண்ணாடி முன்னால் இரண்டு தரம் திரும்பினாள். அவள் அப்படித் திரும்புவது அபூர்வம்.

விடியற்காலைப் பஸ்ஸைப் பிடித்து கொழும்புக்குப் போனோம். ஸ்டூடியோ பெரிய கிட்டங்கி மாதிரி இருந்தது. கதவைத் திறந்து உள்ளே போனதும் இருவரும் அப்படியே நின்றுவிட்டோம். மேடை நிறைய பிளாஸ்டிக் தேயிலைச் செடிகள், வரிசை வரிசையாக. ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரை அட்டையில் வெட்டி வர்ணமடித்த மலைகள். ஒரு பக்கத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் முகப்பு, சிவப்புக் கூரையோடு. அதன் வாசலில் ஓர் அடுப்பு, அடுப்பில் கரிபிடித்த கேத்தல். பின்னால் சுவர் முழுக்கத் திரை, அதில் பனி மூட்டம் ஓடிக்கொண்டிருந்தது. முழங்காலுக்குச் சேலையைத் தூக்கிக் கட்டிய ஆறு இளம் பெண்கள் கூடையோடு ஆடிப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா என் காதில், "நடுவில நான் எங்கடி நிக்கிறது?" என்றாள்.

அவர்கள் அவளைச் செடிகளுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தினார்கள். அப்போதுதான் கவனித்தேன். செடியும் பச்சை, சேலையும் பச்சை. கழுத்துக்குக் கீழே அக்கா இல்லை. ஒரு முகமும் இரண்டு கைகளும் மட்டும் தேயிலைக்கு மேலே அசைந்தன. கமெராக்காரர் கண்ணை எடுத்து ஒரு தரம் நேரில் பார்த்தார், பிறகு மறுபடியும் கமெராவில் பார்த்தார். மாற்றுச் சேலை நாங்கள் கொண்டுபோகவில்லை. நான் உடுத்தியிருந்தது சல்வார். செடிகளைக் கழற்றவும் நேரமில்லை. அடுத்ததாக வேறொருவருக்கு யானையும் அருவியும் கட்ட வேண்டியிருந்தது.

பாட்டு தொடங்கியது. தூர தேசத்துக்குப் போன கணவனுக்காகக் காத்திருக்கும் ஒரு பெண்ணின் பாட்டு அது. பழைய பாட்டு. அக்கா அதை எந்த நினைப்பில் எடுத்தாள் என்று எனக்குத் தெரியும். முதற் சரணம் நன்றாகவே போனது. இரண்டாவது சரணத்தின் தொடக்கத்தில் செடிகளுக்கு அடியிலிருந்து புகை வந்தது. பனி மூட்டமாம். நேராக அவள் மூக்குக்குள் போயிருக்க வேண்டும். ஒரு வரி தொண்டையிலேயே நின்றுவிட்டது. அவள் சிரித்து, கையை அசைத்து, அடுத்த வரியில் போய்ப் பிடித்துக்கொண்டாள்.

முடிந்ததும் ஒரு நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மலையகத்தின் வியர்வையைக் கண் முன்னால் கொண்டுவந்து நிறுத்திட்டீங்க," என்றார். இன்னொருவர் அந்தக் கேத்தலைப் பற்றிப் பேசினார். அக்கா, "நன்றி, நன்றி," என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கி வந்து, என் தண்ணீர்ப் போத்தலை ஒரே மூச்சில் காலி செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அது ஒளிபரப்பானது. அக்கம்பக்கத்து ஆட்கள் எல்லாரும் எங்கள் வீட்டில் கூடிவிட்டார்கள். அம்மாவைப் பெரிய நாற்காலியில் உட்கார வைத்தோம். ஆடுகிற பெண்களைப் பார்த்ததும் அம்மா முதலில் சொன்னது, "யாருடி இந்தப் பிள்ளைங்க? கூடையப் பள்ளிக்கூடப் பை மாதிரி தோள்ல மாட்டிக்கிட்டு நிக்குதுங்க. கயிறு தலையில வரணும். இப்படிப் போட்டா கொழுந்த எப்படிப் பின்னால எட்டிப் போடுறது?"

பிறகு லயத்தின் முகப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கூரை நல்லாருக்கு. ஒழுகாது போல," என்றார். அதற்குப் பிறகு, "எல்லாம் சரி, ஒங்கக்கா எங்க?" என்று கேட்டார்.

"அங்கதாம்மா நிக்கிறா. நடுவில."

"எங்க நடுவில?"

கத்தாரிலிருந்து அத்தானும் அதையேதான் கேட்டார். "கொரல் கேட்டுச்சு. ஆளத்தான் காணோம்," என்று அக்காவிடம் சொன்னாராம். அக்கா இதைச் சொன்னபோது நான் அவள் பக்கம் திரும்பாமல் துணிக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் நடந்தது இதுதான்: அந்த வாரம் நேயர்களின் வாக்கு அதிகமாக விழுந்தது அக்காவுக்கு. எல்லாரையும் தாண்டி முதலாவதாக வந்திருந்தாள். வெளிநாட்டிலிருந்தெல்லாம் மக்கள் அந்தக் காட்சியைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். எங்கள் தெருவில் இனிப்புக் கொடுத்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க வாழ்க்கையையே மேடையில பார்த்தோம் மகள்," என்றார். தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றப் போகிற லொறிக்காரர் ஒருவர் ஸ்பைஸ் கார்டன் வாசலில் வேகத்தைக் குறைத்து, "கொழுந்தக்கா!" என்று கூப்பிட்டுவிட்டுப் போனார். அவளுடைய முதலாளி, நல்ல மனிதர், சிங்களத்தில் வேடிக்கையாகச் சொன்னார்: "நம்ம மிளகுத் தோட்டத்துல சம்பளம் வாங்கிக்கிட்டு தேயிலைக்கு விளம்பரம் பண்ணிட்டு வந்துட்டீங்களே."

எல்லாருக்கும் சிரித்துப் பதில் சொன்ன அக்கா, இரண்டு நாள் கழித்து என் கடைக்கு வந்து, வெட்டும் மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். நான் கத்தரிக்கோலை வைத்துவிட்டேன்.

"நான் அடுத்த சுற்றுக்குப் போகலடி," என்றாள்.

"ஏன்? முதலாவதா வந்திருக்க!"

"யாரு வந்தா? அம்மாவுக்கு விழுந்த ஓட்டுன்னா சந்தோசப்படுவேன். அம்மாவுக்கும் விழல. அந்தப் பிளாஸ்டிக் செடிக்கு விழுந்துச்சு."

"ஒன் பாட்டுக்குந்தான்."

"பாட்டுல ஒரு வரிய அப்படியே முழுங்கினேன். ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"ஒரு ஆள்கூடக் கேக்கல. மூனு நடுவர் இருந்தாங்க. 'ஏம்மா அந்த வரிய விட்டீங்க'ன்னு ஒருத்தர் கேட்டிருந்தா எனக்கு இவ்வளவு கஷ்டமா இருந்திருக்காது."

அவள் அழவில்லை. மேசையில் கிடந்த துணித் துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். நான் தேத்தண்ணி வாங்கி வந்து, அவள் குடிக்கும் வரை காத்திருந்து, பிறகு கெஞ்சினேன். கடைசியில் ஒரு நிபந்தனைக்கு வந்தாள். மேடையில் ஒன்றுமே இருக்கக் கூடாது. செடி, மலை, புகை, பிள்ளைகள், ஒன்றும். அவளும் மைக்கும் மட்டும்.

அதைச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. தொலைபேசியில் இரண்டு மூன்று பேரைத் தாண்டி மேடை அமைப்பாளரிடம் போய்ச் சேர்ந்தேன். சிங்களவர், அறுபதை நெருங்கியவர். தமிழ் நாடகங்களுக்கு மேடை கட்டிக் கட்டித் தமிழ் பேசப் பழகியவர். எங்கள் இருவரையும் அவர் நங்கி என்றுதான் கூப்பிடுவார், தங்கச்சி என்று அர்த்தம்.

"சேர், அக்காவுக்கு அடுத்த தடவ மேடையில ஒன்னும் வேணாமாம்."

அவர் சிரித்தார். "ஒன்னும் வேணாமா? நங்கி, எங்களுக்கு அதுதான் ரொம்பக் கஷ்டமான வேலை."

"கோவிச்சுக்காதீங்க சேர். அவ மனசு சரியில்ல."

"கோவம் இல்ல. நீங்கதானே அந்தப் பச்சைச் சேலை எடுத்தது?"

"ஆமா சேர்," என்றேன். காது சுட்டது.

"எனக்கும் அது மனசுல இருக்கு. நான் உங்ககிட்ட நிறம் கேக்கல்ல. நீங்க என்கிட்ட கேக்கல்ல. ரெண்டு பேரும் நல்லா வேலை செஞ்சோம், அக்காவைக் காணாமப் பண்ணினோம். சூட்டிங்குக்கு முந்தின வாரம் ஒரு நாள் வாங்க. வந்து கமெராவில பாருங்க. அதுக்குப் பிறகும் ஒன்னும் வேணாம்னா, ஒன்னும் வைக்க மாட்டேன்."

போனோம். ஸ்டூடியோ அன்று வெறுமையாக இருந்தது. கறுப்புத் தரை, கறுப்புத் திரை. அவர் மெலிந்த உயரமான மனிதர், சட்டைப் பையில் அளவு நாடா வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. என்னை மேடையின் நடுவில் நிற்கச் சொல்லிவிட்டு, அக்காவைக் கமெராப் படம் தெரியும் திரைக்கு முன்னால் உட்கார வைத்தார்.

"இப்ப உங்க தங்கச்சிதான் நீங்க. பாருங்க," என்றார்.

நான் நின்றேன். எங்கே கையை வைப்பது என்று தெரியவில்லை. சுற்றிலும் எங்கே பார்த்தாலும் இருட்டு. தூரத்தில் அக்காவின் முகம் திரை வெளிச்சத்தில் தெரிந்தது. முதலில் அவள் உற்றுப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னக்கா?" என்று கத்தினேன்.

"பஸ்ஸ விட்டுட்டு நிக்கிறவ மாதிரி இருக்கடி!"

நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். என் இடத்தில் அமைப்பாளர் ஒரு வேலையாளை நிற்கச் சொன்னார். அக்கா சொன்னது உண்மைதான். கண்ணால் பார்க்கும்போது அந்த வெறுமை அழகாக இருந்தது. திரையில் பார்த்தால், பெரிய கறுப்புக்குள் ஒரு சின்ன மனிதர், யாரோ விட்டுவிட்டுப் போனது மாதிரி.

"வெறும் மேடைன்னு ஒன்னு இல்ல நங்கி," என்றார் அவர். "டிவியில வெறுமையா இருக்கிற இடமும் ஏதோ ஒன்னு சொல்லும். போன முறை நான் உங்ககிட்ட ஒன்னும் கேக்காமக் கட்டினேன். அது என் பிழை. இப்பக் கேக்கிறேன். ஒருத்தரும் பார்க்காத நேரத்தில நீங்க எங்க பாடுவீங்க?"

அக்கா யோசித்தாள். அவளிடம் யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள். நானே கேட்டதில்லை.

"காலையில, ஏழு மணி போல," என்றாள். "பஸ்ஸுங்க வர்றதுக்கு முன்னாடி. முற்றத்துல பாய் விரிச்சு மிளகு காயப் போடுவோம். நான் அதுல நடந்து காலால கிண்டி விடுவேன். அப்ப பாடுவேன். யாரும் இருக்க மாட்டாங்க."

"என்ன பாய்?"

"பன்பாய்தான். பன் புல்லுல பின்னினது."

"வெயில் எந்தப் பக்கத்தில இருந்து வரும்?"

அக்கா எழுந்து, கற்பனையில் முற்றத்தில் நின்று, ரோட்டுக்கு முதுகைக் காட்டி, "இந்தப் பக்கம்," என்று வலது கையை நீட்டினாள். அவர் ஒரு சின்னக் கொப்பியில் குறித்துக்கொண்டார். சூரியன் எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று கேட்டார். கூரையின் நிழல் எதுவரை வரும் என்று கேட்டார். கடைசியாக என் பக்கம் திரும்பி, "பாய் மஞ்சள், மிளகு கறுப்பு, வெளிச்சம் மஞ்சள். இதுக்கு நீங்க என்ன தருவீங்க?" என்று கேட்டார்.

"செங்கல் நிறத்துல ஒரு பருத்திச் சேலை, சேர்," என்றேன், யோசிக்காமலே. அவர் தலையாட்டினார். நான் ஓர் அடி உயர்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

"டிவிக்கு யாராவது பருத்திச் சேல கட்டுவாங்களாடி?" என்று அக்கா பஸ்ஸில் வரும்போது முனகினாள். ஆனால் உடுத்திப் பார்த்தபோது கண்ணாடி முன்னால் மறுபடியும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

பாய்களை அவர் ஏற்பாடு செய்தார். மிளகு நாங்கள் கொண்டுபோவதாகப் பேச்சு. முதலாளி தரம் குறைந்த மிளகில் ஒரு மூட்டை கொடுத்துவிட்டார். பஸ்ஸில் காலடியில் வைத்துக்கொண்டு போனோம். நடத்துனர் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் மூக்கைத் தேய்த்தார். அப்போதே எங்களுக்கு விளங்கியிருக்க வேண்டும்.

ஸ்டூடியோவில் ஐந்து பாய்களை விரித்து மிளகைப் பரப்பினோம். வலது பக்கத்திலிருந்து மட்டும் தாழ்வாக ஒரு வெளிச்சம் விழுந்தது. பாயின் பின்னல்கூடத் தெரிந்தது. பின்னால் ஒன்றுமில்லை, மங்கலான ஒரு சாம்பல் நிறம் மட்டும். அக்கா வெறுங்காலோடு நடந்து பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. வாத்தியக்காரர்கள் தொடங்கினார்கள்.

இரண்டு வரி போகவில்லை, தபேலாக்காரர் தும்மினார். அவரைத் தொடர்ந்து கீபோர்டுக்காரர். விளக்குச் சூட்டில் மிளகின் காரம் எழும்பி ஸ்டூடியோ முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது. கமெராக்காரர் கமெராவைப் பிடித்துக்கொண்டே தும்மியதில் படம் துள்ளியது. அமைப்பாளர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க," என்றார். அக்காவுக்கும் எனக்கும் மட்டும் ஒன்றுமில்லை, மாத்தளையில் பழகிய மூக்கு.

நடுவர்கள் வர இரண்டு மணித்தியாலம் இருந்தது. அவர் கொஞ்ச நேரம் பாய்களைச் சுற்றி நடந்தார். பிறகு உதவிக்கு இருந்தவரைக் கூப்பிட்டு, பக்கத்துத் தெருப் பலசரக்குக் கடையில் உளுந்து வாங்கி வரச் சொன்னார். தோல் உரிக்காத கறுப்பு உளுந்து.

அக்காவின் முகம் மாறிவிட்டது. "சேர், இது சரியில்ல. நான் தினமும் நின்னு, மிளகுல கலப்படம் பண்ணினா எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு ஆளுங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறவ. நானே உளுந்தப் பரப்பி மிளகுன்னு காட்டுறதா?"

அவர் சிவந்த கண்ணோடு அவளைப் பார்த்தார். "நங்கி, கமெராவுக்கு மூக்கு இல்ல. எங்களுக்கு இருக்கு."

அக்கா முதலில் முறைத்தாள். பிறகு உதடு துடித்தது. பிறகு அங்கேயே பாயின் ஓரத்தில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினாள். நான் சிரித்தேன், அவர் சிரித்தார், சிரிப்புக்கு நடுவில் இன்னொரு தரம் தும்மினார். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். அக்கா நிற்கும் நடுப் பாயில் அசல் மிளகு. மற்ற நான்கிலும் உளுந்து.

அன்று அவள் பாடியதை நான் ஓரத்தில் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து கேட்டேன். இசை தொடங்குமுன் அவள் நான்கு அடி நடந்தாள். காலுக்கடியில் மிளகு சரசரவென்று உருண்ட சத்தத்தை ஒலிப்பதிவாளர் அப்படியே விட்டுவிட்டார். அந்தச் சத்தத்திலிருந்து பாட்டு எழும்பி வந்தது. தாலாட்டும் இல்லாமல் ஒப்பாரியும் இல்லாமல் நடுவில் போகிற ஒரு மெதுவான பாட்டு. அவள் யாரையும் பார்க்கவில்லை. கீழே மிளகைப் பார்த்தாள், வெளிச்சம் வருகிற பக்கத்தைப் பார்த்தாள். நாங்கள் எல்லாரும் அவளுக்குத் தெரியாமல் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்கிற மாதிரி இருந்தது. கூடப் பிறந்தவள், இவ்வளவு காலம் பக்கத்திலேயே இருந்தவள். அவள் தனியாக இருக்கும்போது எப்படி இருப்பாள் என்று அன்றுதான் பார்த்தேன். சேலையின் செங்கல் நிறம் அந்த வெளிச்சத்தில் எப்படி விழுந்தது என்று பார்க்கவேண்டும் என்றிருந்தேன். மறந்துவிட்டேன்.

பாட்டு முடிந்ததும் நடுவர்களில் ஒருவர் பேச வாய் திறந்து, பலமாகத் தும்மினார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பிறகு சொன்னார்: "அம்மா, குரல் அருமை. ஆனா இரண்டாம் சரணத்துல ஒரு சொல்லுக்கு நடுவில மூச்சு எடுத்தீங்க. அங்க எடுக்கக் கூடாது. அந்தச் சொல் உடைஞ்சு போச்சு."

எனக்குப் பகீரென்றது. அக்காவைப் பார்த்தேன். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோசத்தை நான் அவளுடைய கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. இறங்கி வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"கேட்டாருடி! கேட்டுக்கிட்டு இருந்திருக்காரு!"

அந்த வாரம் நேயர்களின் வாக்கு குறைவாக விழுந்தது அக்காவுக்கு. அதோடு போட்டியிலிருந்து வெளியேறினாள். அன்று அதிக வாக்குகளை வாங்கிய மேடையில் ஒரு கோட்டை, இரண்டு குதிரை, ஒரு நிலா இருந்தன. பாடியவரும் மோசமில்லை.

எங்கள் தெருவில் எல்லாருக்கும் மனக்குறை. "ஒங்க அக்காவுக்கு மட்டும் ஏன் மேடையில ஒன்னும் செஞ்சு குடுக்கல? நாலு பாயப் போட்டு ஏமாத்திட்டாங்க," என்று வாடிக்கையாளர் ஒருவர் எனக்காகக் கோபப்பட்டார். அம்மா ஒளிபரப்பை முதலிலிருந்து கடைசிவரை கண்ணை எடுக்காமல் பார்த்தார். முடிந்ததும், "நல்லாப் பாடினா. இந்தத் தடவ ஆள் தெரிஞ்சா," என்றார். பிறகு சந்தேகத்தோடு, "சுத்திவர ஏண்டி உளுந்தக் காயப் போட்டிருக்கா?" என்று கேட்டார். கொழும்பில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை, வெளிநாட்டில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அந்த உளுந்தை ஸ்டூடியோக்காரர்கள் எங்களிடமே கொடுத்துவிட்டிருந்தார்கள். கழுவி, ஊறப்போட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெரு முழுக்க வடை கொடுத்தோம்.

அமைப்பாளர் என் கைபேசிக்குக் கூப்பிட்டார், அக்காவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். குரலில் உற்சாகமில்லை. "நங்கி, நான்தான் உங்களைத் தோக்க வைச்சேன். தேயிலை மேடையில விட்டிருந்தா இன்னும் ரெண்டு வாரம் இருந்திருப்பீங்க. எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் செஞ்சேன்."

அக்கா கைபேசியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். "இருந்திருப்பேன் சேர். யாரு இல்லைன்னா? ஆனா எங்க வீட்டுக்காரர் அந்தப் பாட்டப் பத்துத் தடவையாவது பார்த்திருக்காரு. லீவுல வந்தா அந்த முற்றத்துக்குத்தான் முதல்ல வருவேன்னு சொல்றாரு. பதினெட்டு வருசமா அங்க வேலை செய்யிறேன், இது வரைக்கும் அவர் வந்து பார்த்ததில்ல." பிறகு, "நீங்களும் வாங்க. முகத்துக்குத் துணி கட்டிக்கிட்டு வாங்க," என்றாள்.

அதற்குப் பிறகு அவரிடமிருந்து எனக்கு எப்போதாவது அழைப்பு வரும். இந்த வெளிச்சத்துக்கு எந்தத் துணி சுருங்காமல் நிற்கும், எந்தச் சிவப்பு கமெராவில் பழுப்பாகிவிடும் என்று கேட்பார். நானும் எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன், தெரியாததை ஜன்னல் வெளிச்சத்தில் துணியைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொல்வேன்.

இந்த வருடம் போட்டி மறுபடியும் தொடங்கியிருக்கிறது. ஞாயிறு பின்னேரம் அக்கா வேலை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். போன வாரம் கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒருவர் பாட வந்தார். பின்னால் பெரிய படகு, தொங்குகிற வலை, நீலத் துணியில் அலை. அவர் தலையில் ஒரு துண்டைக் கட்டிவிட்டிருந்தார்கள். திரையின் அடியில் அவருடைய தொழில் என்று போட்டிருந்தது: பாடசாலை அதிபர்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "பாவம் மனுசன், நீந்தத் தெரியுமோ என்னமோ." பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். பாட்டு முழுவதையும் அப்படியே கேட்டாள். முடியும் தருவாயில் கண்ணைத் திறந்து, "நல்லாப் பாடுறாரு. மூச்ச எங்க எடுக்கிறார்ன்னே தெரியல. போன் எங்கடி? ஓட்டுப் போடணும்," என்றாள்.

"பாட்டுக்கா, படகுக்கா?" என்று கேட்டேன்.

"பாட்டுக்குத்தான்," என்றாள். எண்ணை அழுத்திக்கொண்டே திரையை இன்னொரு தரம் பார்த்தாள். "ஆனா பொய் சொல்லக் கூடாது, படகும் அழகாத்தான் இருக்கு."